நான்காம் தட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் மேல்பகுதியில் எழுதப்பட்டிருக்கின்றன. படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன. எனக்கு வயது முப்பத்தாறு. என் கணவர் வெளியூரில் கட்டட வேலை செய்கிறார். நான் என் மகளுடன் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். மேல்பகுதியில் என் உடன்பிறந்த அக்காவும் அவருடைய கணவரும் குடியிருக்கிறார்கள். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வாக்குமூலத்திலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நேற்று மாலை இதே காவல் நிலையத்தில் முதலில் எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அதில் 'அவசரத்தில் தவறுதலாக மேலே ஏறிவிட்டேன்' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் குடோன் சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் அவசரம், அவசரம் என்பார். அதனால் அங்கே அவருக்கு அவசரம் என்றே பட்டப்பெயர். நான் சொன்னது, 'அவசரம்தான் என்னை மேலே ஏற்றினார்' என்பது. இதைக் கேட்டு எழுத்தர் அம்மா சிரித்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் மாறியதில் குற்றமே இடம் மாறி என் தலையில் உட்கார்ந்துகொண்டது என்பதால், இன்று முதலிலிருந்து மறுபடியும் சொல்கிறேன்.

நான் அந்தக் குடோனில் ஆறு வருடமாகப் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் மாமாதான். அவர் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆய்வாளர் கேட்டதால் எங்கள் வேலை என்ன என்று சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தால் ஒரு லாரி இறக்க ஒரு நாள் போய்விடும். அதனால் பேலட் எனப்படும் மரப்பலகை மேடையின் மேல், செங்கல் கட்டுவது போல ஒன்றின் மேல் ஒன்று இணைப்பு மாற்றி அடுக்கி, நாலு மூலைக்கும் அட்டை வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை இழுத்துச் சுற்றி, மொத்தத்தையும் ஒரே லோடாக ஆக்கிவிடுவோம். ஃபோர்க்லிஃப்ட் தன் இரண்டு இரும்புக் கையைப் பேலட்டுக்கு அடியில் கொடுத்து, அந்த லோடை அப்படியே தூக்கி ரேக்கில் வைக்கும். ரேக்கில் நாலு தட்டு உண்டு. நான்காம் தட்டு மாடி வீட்டின் மொட்டைமாடி உயரம் இருக்கும்.

நேற்று காலை நான் வேலைக்குப் போனபோது, எங்கள் மேஜைக்கு எதிர் வரிசையில் நான்காம் தட்டில் ஒரு லோடு நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். சென்ட் பாட்டில் பெட்டிகள். பிலிம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நடைபாதை வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போவோம். அதன் பிறகு நான் அவசரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன். அவர் எரிச்சலாகி, அதை அப்படியே இறக்கினால் பாதி வழியில் கொட்டிவிடும், முதலில் மேலேயே பிலிம் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும், அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே ஏறிச் சுற்று என்றார்.

ஆளை மேலே தூக்குவதற்கென்று எங்கள் குடோனில் ஒரு இரும்புக் கூண்டு இருக்கிறது. சுற்றிலும் கம்பி, பூட்டும் கதவு, இடுப்பில் மாட்டும் வார் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கூண்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் கழிவு பிலிமும் உடைந்த பலகையும் கொட்டி வைத்திருக்கிறார்கள், காலி செய்ய நேரம் இல்லை, லாரி வெளியே நிற்கிறது என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, ஒரு வெறும் பேலட்டை எடுத்து வரச் சொன்னார். மாமா எடுத்து வந்தார். நான் தயங்கி நின்றேன்.

மாமா என்னிடம், "ஏறும்மா, ரெண்டு சுத்து சுத்திட்டு எறங்கிடலாம். நான்தான இருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதால் ஏறினேன். அவசரம் மட்டும் சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டேன். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். குடோன் சார்பில் என் மேல் கொடுத்த புகாரில் நானாக, யாரும் இல்லாதபோது, மேலே ஏறிக்கொண்டதாக எழுதியிருக்கிறது. ஃபோர்க்லிஃப்டை ஒருவர் உட்கார்ந்து இயக்கினால்தான் அது மேலே போகும். நான் மேலே நின்றுகொண்டு கீழே இருக்கும் நெம்புகோலை எப்படி இழுத்தேன் என்று புகார் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். எனக்கு இரண்டு கைதான். அதில் ஒன்றில் பிலிம் உருளை இருந்தது.

மாமா என்னை நான்காம் தட்டுக்கு நேராக ஏற்றி நிறுத்தினார். என் முதுகுக்குப் பின்னால் வண்டியின் தடுப்புக் கம்பி, முன்னால் சாய்ந்த லோடு, இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தபோது அடி வரிசைப் பெட்டி ஒன்று ஈரம் பட்டு நசுங்கியிருந்தது. அதன் மேல் இருந்த அத்தனை பெட்டியும் என்னைப் பார்த்துத்தான் சாய்ந்திருந்தன. பிலிமை இழுத்தால் என் மேலேயே வந்து விழும்போல் இருந்தது. அதன் பிறகு நான் கீழே பார்த்து, எனக்குப் பயமாக இருக்கிறது, இறக்குங்கள் என்று சொன்னேன். அவசரம் முதலில் சுற்று என்றார். நான் முடியாது என்றேன். இப்படித்தான் ஒவ்வொரு நாளும் வேலை கெட்டுப்போகிறது என்றார். வேலையைக் கெடுப்பது நான் இல்லை, பெட்டியிலேயே ஐந்து அடுக்குக்கு மேல் வேண்டாம் என்று அச்சடித்திருக்கும்போது ஏழு அடுக்கு வைக்கச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். கேட்டது உண்மை. கீழே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் அவரைச் சுட்டது என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. அவசரம் மாமாவிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். மாமா அணைத்தார். அதன் பிறகு அவசரம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, மேலே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாய் நல்லா வேல செய்யுதுல்ல? கையும் செய்யட்டும். நாங்க சாப்ட்டு வந்து எறக்குறோம், அதுக்குள்ள முடிச்சு வை."

நான் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, மற்றவர்களோடு சாப்பாட்டு அறைக்கு நடந்து போனார். அவர் போகும் வழியில் ஒரு முறை நின்றார். நின்றதால் திரும்பி வருவார் என்று நினைத்தேன். செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு மறுபடியும் நடந்தார்.

அது பேட்டரியில் ஓடும் வண்டி. சாவி இல்லாமல் மேலே ஏறாது, கீழேயும் இறங்காது. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். சாப்பாட்டு அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் இரண்டு முகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயின. யார் என்று சொல்லச் சொல்லாதீர்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பேலட்டின் பலகைக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காலுக்கடியில் தரை தெரிந்தது. முதலில் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது பேலட் இரும்புக் கையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் எழுந்து நிற்கவும் பயம், உட்காரவும் பயம் என்று பாதியில் குனிந்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து நான் கழிப்பறைக்குப் போகவில்லை. மணி அடித்ததும் போகலாம் என்று இருந்தேன். அந்த உயரத்தில் ஒரு பெண்ணை அந்த நிலையில் விட்டுவிட்டு உள்ளே கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறே.

எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். என்னிடம் கைப்பேசி இல்லை. வேலை நேரத்தில் அதை அலமாரியில் பூட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி.

அதன் பிறகு எதிரே இருந்த லோடு ஒரு மாதிரி சத்தம் கொடுத்தது. அட்டை மெதுவாக மடங்கும் சத்தம். அடிப்பெட்டி இன்னும் நசுங்குகிறது என்று புரிந்தது. மேலே இருக்கும் பாரத்தைக் குறைத்தால்தான் எனக்குப் பிழைப்பு, கீழே விழும் சத்தத்துக்கு யாராவது வருவார்கள் என்பதும் மனதில் இருந்தது. இரண்டும் உண்மை, ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். நான் குனிந்து நடைபாதையில் யாரும் இல்லை என்று பார்த்தேன். கீழே யாராவது இருந்தால் தள்ளிப் போங்கள் என்று மூன்று முறை கத்தினேன். பிறகு பேக்கிங் வேலைக்காக என்னிடம் இருந்த பிளேடால் பிலிமை அறுத்து, மேல் வரிசைப் பெட்டி ஒன்றைத் தூக்கி, வண்டியின் பக்கவாட்டில் கீழே போட்டேன். அது தரையில் மோதிய சத்தம் குடோன் முழுக்க எதிரொலித்தது. யாரும் வரவில்லை. அடுத்ததைப் போட்டேன். அப்படியே மேல் வரிசை முழுவதையும் போட்டேன். போட்டதைப் போடவில்லை என்று நான் சொல்லவில்லை.

சத்தத்துக்கு வராதவர்கள் வாசனைக்கு வந்தார்கள். பாட்டில்கள் உடைந்து சென்ட் தரையில் ஓடி, சாப்பாட்டு அறைக் கதவுக்கு அடியில் போயிருக்கிறது. சோற்றில் சென்ட் வாடை அடிக்கிறது என்று யாரோ சொல்லவும்தான் எழுந்து வந்திருக்கிறார்கள். அவசரம் முன்னால் ஓடி வந்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. என்னை இறக்குவார் என்று நினைத்தேன். அவர் செய்தது, கைப்பேசியை எடுத்து உடைந்த பெட்டிகளைப் படம் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்தார். அந்தப் பெட்டிகளின் மேல் கண்ணாடிக் கிண்ணம் படமும், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறியும் போட்டிருக்கும். பத்திரமாகக் கையாள வேண்டும் என்று அர்த்தம். அவர் அந்தப் படம் தெரியும்படித் திருப்பித் திருப்பிப் பிடித்தார். மேலே என் பக்கம் ஒரு முறை கூடக் கைப்பேசி திரும்பவில்லை.

அவர் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடிப்பெட்டி மொத்தமாக உள்வாங்கி, மீதி அடுக்கு தானாகச் சரிந்தது. நான் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். சில பெட்டிகள் என் முழங்காலில் மோதின, மற்றவை நேரே கீழே போயின. அவசரம் பின்னால் குதித்ததால் தப்பித்தார். காலையிலிருந்து நான் சொன்னது இதைத்தான். ஆனால் புகாரில் அந்த லோடு முழுவதையும் நான் தள்ளிவிட்டதாக இருக்கிறது. மேல் வரிசை நான் போட்டது, அதற்கு நான் பொறுப்பு. அதற்குக் கீழே இருந்தவை ஏழு அடுக்கு வைத்தவர் பொறுப்பு.

அதன் பிறகு மாமா அவசரத்திடம் சாவி கேட்டார். மேலாளர் வந்து நேரில் பார்க்கும் வரை இறக்கக் கூடாது, அப்போதுதான் யார் செய்தது என்று தெரியும் என்று அவசரம் சொன்னார். மாமா மறுபடியும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டியபடி நின்றார்.

என்னை இறக்கியவர் எங்கள் ஆளே இல்லை. வெளியே காத்திருந்த லாரியின் டிரைவர். சரக்கு இறக்க ஏன் ஆள் வரவில்லை என்று கேட்க உள்ளே வந்தவர், மேலே பார்த்துவிட்டார். நேராக அவசரத்திடம் போனார்.

"சாவியக் குடுய்யா. அந்தம்மா என்ன சரக்கா, அடுக்கி வச்சிட்டுப் போறதுக்கு?"

அவசரம் நீ யார் என்று கேட்டார். லாரி டிரைவர் அவசரத்தின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். மாமா என்னை இறக்கினார். அந்த டிரைவரின் பெயர் எனக்குத் தெரியாது. முன்பல் ஒன்று உடைந்திருக்கும், நரைத்த தாடி. குடோன் வாசலில் இருக்கும் பதிவேட்டில் அவர் வண்டி எண் இருக்கும். அவரை விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பிளேடைக் காட்டி அவசரத்தை மிரட்டியதாகப் புகாரில் இருக்கிறது. அந்தப் பிளேடு கயிறு போட்டு என் மணிக்கட்டில் கட்டியிருந்தது. மேலே இருந்து யார் தலையிலும் விழக் கூடாது என்று அப்படிக் கட்டச் சொன்னதும் கம்பெனிதான். இறங்கிய பிறகும் அது கையிலேயே தொங்கியது. நான் அவசரத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போனேன். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து பிளேடை அவிழ்த்து மேஜையில் வைத்தேன். அதன் பிறகு மாமாவின் முன்னால் போய் நின்று, அவர் கன்னத்தில் ஒரு அறை அறைந்தேன். இது புகாரில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நடந்தது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

நேற்று மாலை என்னை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு முன்னால் மாமா வந்து, நான் சாப்பாட்டு நேரத்தில் நானாக ஏறியதாகவும் அவர் அங்கே இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்து அவருடையதுதான். என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

இரவு எட்டு மணி அளவில் குடோன் மேலாளர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சரக்குக்கும் வண்டிக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். எழுதியே கொண்டு வந்திருந்தார். அதில் சரக்கு இருந்தது, வண்டி இருந்தது, ரேக் கூட இருந்தது. நான் இருந்தேனா என்று தேடினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இருந்தேன். நான் போட மறுத்துவிட்டேன். அவர் எழுத்தர் அம்மாவைப் பார்த்துச் சிரித்து, இவர்களுக்கு எதற்கும் கோபம்தான் என்றார்.

இரவு நான் இங்கேயே இருந்தேன், என் மகள் அக்காவிடம் இருந்தாள். இன்று காலை அக்கா எனக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். மாமாவும் கூட வந்தார்; ஆனால் உள்ளே வராமல் வராந்தாவில் நின்றுகொண்டார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவுக்கு வேலை போய்விடும், அந்தக் காகிதத்தில் போட்டுவிடு, இந்த வயதில் அவரை வேறு யார் எடுப்பார்கள் என்றாள். என் முழங்காலைப் பார்த்தாள். பெட்டி பட்ட இடம் கறுத்து வீங்கியிருந்தது. அதன் பிறகு, நீ மேலே நின்றபோது அவர் எங்கே இருந்தார் என்று கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றேன்.

தினமும் எனக்கும் மாமாவுக்கும் அக்காதான் சமைத்து, இரண்டு டப்பாவையும் ஒரே பையில் வைத்து மாமா கையில் கொடுத்து அனுப்புவாள். சின்ன டப்பா மேலே இருக்கும், அது என்னுடையது. அதை எடுத்து வெளியே வைத்தால்தான் அவர் தன் டப்பாவை எடுக்க முடியும்.

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவ டப்பாவ எடுத்து எங்க வச்சீங்க?"

அக்கா மறுபடியும் கேட்டாள்.

"அத பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் சாப்ட்டீங்களா?"

அக்கா உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கடிதம் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா உள்ளே வந்து ஆய்வாளரின் மேஜைக்கு முன்னால் நின்று, "நான்தான் சார் ஏத்துனேன். அணைச்சிட்டுப் போனதும் நான்தான். சாவிய அவருட்ட குடுத்தேன்" என்றார். அவர் சொன்னதை ஆய்வாளர் தனியாகப் பதிவு செய்துகொண்டார். மாமா அதில் கையெழுத்துப் போட்டார். அவர் உண்மையைச் சொல்லிவிட்டதால் எனக்கும் அவருக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று இதில் எழுத வேண்டாம். ஆகவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மேல் வரிசைப் பெட்டிகளை நான் போட்டதற்குச் சட்டப்படி என்ன உண்டோ அதைச் செய்யுங்கள். மன்னிப்புக் கடிதம் தர மாட்டேன். ஒரு பெண்ணைப் பலகையில் ஏற்றி, சாவியை எடுத்துக்கொண்டு போன சூப்பர்வைசர் மீது நான் கொடுக்கும் புகாராகவும் இதையே எடுத்துக்கொண்டு, எண் போட்டு ரசீது தர வேண்டும். ரசீது கைக்கு வரும் வரை இந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

எழுத்தர் அம்மா இதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார். ஒரு சொல்லும் மாறவில்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னதல்ல. நடந்ததை நடந்தபடி சொன்னேன் என்று உறுதி கூறி, என் கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

அலுவலகக் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் புகாராகவும் ஏற்கப்பட்டு எண் இடப்பட்டது. ரசீது வாக்குமூலதாரரிடம் நேரில் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டு, தன் அக்காவின் கையைப் பிடித்து எழுந்து சென்றார்.